முன் பிரேக் நம் எதிரி அல்ல

“முன் பிரேக்கைத் தொடாதே, தூக்கி அடித்துவிடும். கால் பிரேக்கை மட்டும் பிடி.”

என் மகன் பதினெட்டு வயது முடிந்து ஓட்டுநர் உரிமம் வாங்கிய அன்று நான் அவனுக்குச் சொல்லிக் கொடுத்த பாடம் இது. என் அத்தா எனக்குச் சொன்னதை நான் அவனுக்குச் சொன்னேன். அது போதாதென்று, மெக்கானிக்கிடம் வண்டியைக் கொண்டுபோய் முன் பிரேக் கேபிளைக் கொஞ்சம் தளர்த்தியும் வைத்தேன். பிள்ளை தெரியாமல் பிடித்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம்தான் காரணம்.

ஆறு மாதம் கழித்து ஒரு மாலை நேரம். அவனுக்கு முன்னால் போன ஷேர் ஆட்டோ, ஆள் ஏற்றுவதற்காகச் சட்டென்று ஓரம் கட்டி நின்றது. மகன் நான் சொன்னபடியே கால் பிரேக்கை முழு பலத்தோடு மிதித்தான். பின் சக்கரம் சுழலாமல் நின்றது. ஆனால் வண்டி நிற்கவில்லை. பின்பக்கம் ஒரு புறமாக வழுக்க, அப்படியே ஆட்டோவின் பின்னால் போய் மோதி விழுந்தான். ஹெல்மெட் போட்டிருந்ததால் தலை தப்பியது. காறை எலும்பு முறிந்தது. அல்ஹம்துலில்லாஹ், சில வாரங்களில் தேறி வந்தான்.

மருத்துவமனையில் கட்டுப் போட்ட கையோடு அவன் என்னைக் கேட்டான்: “அத்தா, நீங்க சொன்ன மாதிரிதானே பிரேக் பிடிச்சேன்?”

அதற்கு என்னிடம் பதில் இல்லை. அதன் பிறகுதான் இதைப் பற்றி விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டேன், படித்தேன், வண்டியை எடுத்துக்கொண்டு போய் நானே பழகியும் பார்த்தேன். நம் மஹல்லாவில் பைக்கோ ஸ்கூட்டரோ இல்லாத வீடு குறைவு. நான் செய்த தவறை இன்னொரு தகப்பனார் செய்துவிடக் கூடாது என்பதற்காக, தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

எடை எங்கே போகிறது?

பேருந்தில் நின்றுகொண்டு போகிறோம். ஓட்டுநர் பிரேக் போட்டால் நம் உடம்பு முன்னால் சாய்கிறது. பைக்கிலும் இதேதான் நடக்கிறது. பிரேக் பிடித்த உடனே வண்டியின் எடையும் நம் எடையும் முன் சக்கரத்தின் மேல் போய் அழுத்துகின்றன. பின் சக்கரத்தின் மேல் பாரம் குறைந்துவிடுகிறது.

ஒரு கணக்குப் பாருங்கள். வண்டி 120 கிலோ, ஓட்டுபவர் 70 கிலோ, மொத்தம் 190 கிலோ என்று வைத்துக்கொள்வோம். சும்மா நிற்கும்போது முன் சக்கரத்தில் சுமார் 85 கிலோவும், பின் சக்கரத்தில் சுமார் 105 கிலோவும் இருக்கும். நல்ல தார்ச் சாலையில் பலமாகப் பிரேக் பிடிக்கும்போது இது தலைகீழாக மாறுகிறது. முன் சக்கரத்தில் ஏறத்தாழ 150 கிலோ, பின் சக்கரத்தில் 40 கிலோ என்று ஆகிவிடும்.

டயர் சாலையை எவ்வளவு அழுத்துகிறதோ அந்த அளவுக்குத்தான் அதற்குப் பிடிமானம் கிடைக்கும். 40 கிலோ மட்டுமே அழுத்துகிற பின் டயரைக் கொண்டு 190 கிலோவை நிறுத்தப் பார்ப்பதுதான் கால் பிரேக்கை மட்டும் மிதிப்பது. அதனால்தான் பின் சக்கரம் சீக்கிரம் சுழற்சி நின்று வழுக்குகிறது. அவசரத்தில் வண்டியை நிறுத்தும் வேலையில் முக்கால் பங்கைச் செய்யக்கூடியது முன் பிரேக். நாம் தொடாதே என்று சொல்லி வைத்திருப்பது அதைத்தான்.

எத்தனை அடி மிச்சம்?

40 கிலோமீட்டர் வேகத்தில் போகிறோம். இரண்டு பிரேக்கையும் சரியாகப் பிடித்தால், காய்ந்த தார்ச் சாலையில் சுமார் 9 மீட்டரில் நிறுத்திவிடலாம். கால் பிரேக் மட்டும் என்றால் சுமார் 18 மீட்டர் வேண்டும். 60 கிலோமீட்டர் வேகத்தில் இது சுமார் 20 மீட்டர், 40 மீட்டர் என்று ஆகும். கண் பார்த்து, கை கால் வேலை செய்யத் தொடங்குவதற்கே ஏறத்தாழ ஒரு வினாடி போய்விடும். 60 கிலோமீட்டர் வேகத்தில் அந்த ஒரு வினாடியில் வண்டி 16 மீட்டருக்கு மேல் ஓடிவிடும். அது தனிக் கணக்கு.

இதை வேறு விதமாகவும் பார்க்கலாம். இருவர் 60 கிலோமீட்டர் வேகத்தில் பக்கத்தில் பக்கத்தில் போகிறார்கள். ஒரே இடத்தில் பிரேக் பிடிக்கிறார்கள். இரண்டு பிரேக்கையும் பிடித்தவர் நின்றுவிட்ட இடத்தை, கால் பிரேக் மட்டும் பிடித்தவர் இன்னும் 40 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் கடந்து போவார். அந்த இடத்தில் ஒரு குழந்தை சாலையைக் கடந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்த பின் ஓடும் தூரம் நான்கு மடங்காகும் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள். 30-ல் போவதற்கும் 60-ல் போவதற்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவு பெரியது.

அப்படியானால் தூக்கி அடிப்பது?

பெரியவர்கள் பொய் சொல்லவில்லை. முன் பிரேக்கால் விழுந்தவர்கள் உண்டு. பெரும்பாலும் அது மூன்று விதமாக நடக்கிறது.

ஒன்று, பயத்தில் லீவரை ஒரே அடியாக இறுக்கிப் பிடிப்பது. எடை முன்னால் வந்து டயர் சாலையை நன்றாக அழுத்துவதற்கு முன்பே சக்கரம் பூட்டிக்கொள்ளும். முன் சக்கரம் பூட்டிவிட்டால் வண்டியை நேராக வைக்க முடியாது. கண் இமைப்பதற்குள் கீழே கிடப்போம்.

இரண்டு, ஹேண்டில்பார் திரும்பியிருக்கும்போது பிடிப்பது. தெருமுனையில் திரும்பும்போதும், வளைவில் சாய்ந்து போகும்போதும், வாசலில் வண்டியைத் திருப்பி நிறுத்தும்போதும் இது நடக்கும். மெதுவாகப் போனாலும் வண்டி ஒரு பக்கமாகச் சரிந்துவிடும்.

மூன்று, மணல், ஜல்லி, சேறு, எண்ணெய் சிந்திய இடம் ஆகியவற்றின் மேல் பிடிப்பது. அங்கே டயருக்குப் பிடிமானமே இல்லை.

இந்த மூன்றிலும் குற்றம் முன் பிரேக்கின் மேல் இல்லை, பிடித்த விதத்திலும் பிடித்த இடத்திலும்தான் இருக்கிறது. அரிவாள்மனையில் கை வெட்டிக்கொண்டால் அரிவாள்மனையைத் தூக்கி எறிந்துவிடுவோமா? எப்படிப் பிடிப்பது என்று சொல்லிக் கொடுப்போம். இதுவும் அப்படித்தான்.

எப்படிப் பிடிப்பது?

பைக்கில் வலது கை லீவர் முன் பிரேக், வலது கால் பெடல் பின் பிரேக். கியர் இல்லாத ஸ்கூட்டரில் வலது கை லீவர் முன் பிரேக், இடது கை லீவர் பின் பிரேக். வீட்டில் இரண்டு வகை வண்டியும் இருந்தால், மாற்றி ஓட்டும்போது இதை ஒரு முறை நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

முதலில் ஆக்சிலேட்டரை முழுவதும் விடுங்கள். ஹேண்டில்பார் நேராக இருக்கட்டும். பார்வை தூரத்தில் இருக்கட்டும். முன் சக்கரத்தைக் குனிந்து பார்த்தால் வண்டி ஆடும்.

பிறகு இரண்டு பிரேக்கையும் ஒன்றாகத் தொடங்குங்கள். காலால் மிதமாக மிதியுங்கள். கை லீவரை எலுமிச்சம்பழம் பிழிவது போல முதலில் மெல்ல அழுத்தி, வண்டியின் முன்பக்கம் லேசாக அமுங்குவதை உணர்ந்த பிறகு அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போங்கள். எடை முன்னால் வந்துவிட்டது என்பதற்கு அந்த அமுங்கல்தான் அடையாளம். அதன் பிறகு முன் டயர் நல்ல பலத்தைத் தாங்கும். இவ்வளவும் ஒரு வினாடிக்குள் நடக்க வேண்டியவை. அதனால்தான் பழக்கம் வேண்டும் என்கிறோம்.

பலர் பிரேக் பிடிக்கும் முன்பே கிளட்ச்சைப் பிடித்துவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் என்ஜினே வண்டியை இழுத்துப் பிடித்து வேகம் குறைக்கும் உதவி போய்விடும். வண்டி நிற்கப் போகும் நேரத்தில், என்ஜின் அணையாமல் இருக்கக் கிளட்ச் பிடித்தால் போதும்.

முன் சக்கரம் வழுக்குவது தெரிந்தால் அந்த நொடியே கை லீவரைத் தளர்த்தி, மறுபடியும் மெல்லப் பிடியுங்கள். பின் சக்கரம் வழுக்கினால், வண்டி இன்னும் நேராக இருக்கும்போதே காலை மெதுவாகத் தளர்த்துங்கள். பின்பக்கம் நன்றாக ஒரு பக்கம் வந்துவிட்ட பிறகு சட்டென்று பெடலை விடக் கூடாது. சக்கரம் திடீரென்று பிடிமானம் பெற்று ஆளையே தூக்கி எறியும். எங்கள் பெரியவர்கள் பயந்த ‘தூக்கி அடிப்பது’ பின் பிரேக்காலும் நடக்கும் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

இடம் பார்த்துப் பிரேக்

வளைவுகளில்: வளைவுக்குள் போவதற்கு முன்பே, வண்டி நேராக இருக்கும்போதே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். உள்ளே போன பிறகு பிரேக்கைத் தேடக் கூடாது.

மணலில்: சாலை ஓரத்திலும் வேகத்தடை அருகிலும் மணல் சேர்ந்திருக்கும். நல்ல சாலையில் இருக்கும்போதே வேகத்தைக் குறைத்துவிட்டு, மணல் மேல் பிரேக்கே பிடிக்காமல் கடப்பது நல்லது. பிடித்தே ஆக வேண்டும் என்றால் கால் பிரேக்கை மெல்லத் தொட்டால் போதும்.

மழையில்: பல நாள் கழித்துப் பெய்யும் முதல் மழைதான் அதிக ஆபத்தானது. சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் தண்ணீரோடு கலந்து வழுவழுப்பாகிவிடும். வெள்ளைக் கோடுகள், சாக்கடையின் இரும்பு மூடிகள், ரயில்வே கேட் தண்டவாளங்கள் எல்லாம் நனைந்தால் வழுக்கும். முன்னால் போகும் வண்டிக்கும் நமக்கும் வழக்கமாக விடும் இடைவெளியை இரண்டு மடங்காக்குங்கள். மழையிலும் இரண்டு பிரேக்கும் வேண்டும், ஆனால் இரண்டையும் சீக்கிரமாகத் தொடங்கி மென்மையாகப் பிடிக்க வேண்டும். தேங்கிய தண்ணீரைக் கடந்து வந்தால் பிரேக் நனைந்து சரியாகப் பிடிக்காது. மெதுவாக ஓட்டிக்கொண்டே லேசாகப் பிரேக் கொடுத்துக் காய வைத்துக்கொள்ளுங்கள்.

சந்துகளில்: நடந்து போகும் வேகத்தில் திரும்பும்போதும், கூட்டத்துக்கு நடுவே ஊர்ந்து போகும்போதும் கால் பிரேக்தான் நல்லது. ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் வாசலில் வண்டியைத் திருப்புகிறவர்கள் முன் பிரேக்கைப் பிடித்துச் சாய்வதைப் பார்த்திருப்பீர்கள்.

பின்னால் ஆள் இருந்தால்

பின்னால் ஒருவர் உட்கார்ந்தால் மொத்த எடை கூடுகிறது, நிறுத்தும் தூரமும் கூடுகிறது. பின் சக்கரத்தில் பாரம் கூடுவதால் கால் பிரேக்கை வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் பயன்படுத்தலாம். ஆனாலும் முன் பிரேக் இல்லாமல் முடியாது.

நம் பெண்கள் பலர் ஒரு பக்கமாகக் கால் போட்டுத்தான் உட்காருகிறார்கள், கையில் குழந்தையும் இருக்கும். திடீரென்று பிரேக் பிடித்தால் முதலில் விழுவது அவர்கள்தான். ஓட்டுபவர் முன்கூட்டியே பார்த்து மெதுவாக நிறுத்துவதுதான் இதற்கு வழி. இரு பக்கமும் கால் போட்டு உட்கார முடிந்தால் இன்னும் நல்லது. புர்கா, துப்பட்டா ஆகியவற்றின் நுனி சக்கரத்திலோ செயினிலோ சிக்காதபடி மடித்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். பெட்ரோல் டேங்க் மேல் குழந்தையை உட்கார வைக்கும் வழக்கத்தை விட்டுவிடுவோம். பிரேக் பிடித்தால் ஹேண்டில்பாரில் போய் இடிப்பது அந்தக் குழந்தையின் முகம்தான்.

புது வண்டிகளில் உள்ளவை

2019 ஏப்ரல் 1 முதல் நம் நாட்டில் விற்கப்படும் இருசக்கர வாகனங்களில், 125 சிசிக்கு மேற்பட்டவற்றில் ஏபிஎஸ் இருக்க வேண்டும், 125 சிசி வரை உள்ளவற்றில் சிபிஎஸ் அல்லது ஏபிஎஸ் இருக்க வேண்டும் என்று சட்டம் வந்தது.

சிபிஎஸ் என்பது இரண்டு பிரேக்கையும் இணைக்கும் ஏற்பாடு. பைக்கில் கால் பெடலை மிதித்தாலும், ஸ்கூட்டரில் இடது லீவரைப் பிடித்தாலும் முன் பிரேக்கும் ஓரளவு சேர்ந்து பிடிக்கும். ‘ஓரளவு’ என்பதைக் கவனியுங்கள். முழு பலமும் வேண்டுமானால் வலது லீவரையும் பிடித்தே ஆக வேண்டும். சக்கரம் பூட்டிக்கொள்வதைச் சிபிஎஸ் தடுக்காது.

ஏபிஎஸ், சக்கரம் பூட்டப் போவதை உணர்ந்து பிரேக்கை விட்டு விட்டுப் பிடிக்கும். அப்போது லீவரில் ஒரு துடிப்புத் தெரியும். பயந்து கையை எடுத்துவிடாமல் தொடர்ந்து அழுத்த வேண்டும். பல பைக்குகளில் ஏபிஎஸ் முன் சக்கரத்துக்கு மட்டும்தான் இருக்கிறது. அவற்றில் பின் சக்கரம் பூட்டி வழுக்கும் வாய்ப்பு அப்படியே இருக்கும். ஏபிஎஸ் இருக்கிறது என்பதற்காக மணலில் வேகமாகப் போகலாம் என்றோ, முன்னால் போகும் வண்டியை ஒட்டிப் போகலாம் என்றோ நினைக்கக் கூடாது.

மாதம் ஒரு முறை பத்து நிமிடம்

முன் பிரேக் கேபிளைத் தளர்த்தி வைத்திருந்தால், என்னைப் போல, இன்றைக்கே சரி செய்யுங்கள். லீவரும் பெடலும் எவ்வளவு அசைந்த பிறகு பிடிக்க வேண்டும் என்பது வண்டியோடு தந்த கையேட்டில் இருக்கும்.

டிரம் பிரேக் என்றால் சக்கரத்தின் அருகே தேய்மானத்தைக் காட்டும் சிறிய முள் ஒன்று பல வண்டிகளில் உண்டு. பிரேக் பிடிக்கும்போது அந்த முள் எல்லைக் குறியைத் தொட்டால் பிரேக் ஷூவை மாற்ற வேண்டும். டிஸ்க் பிரேக் என்றால் ஹேண்டில்பாரில் உள்ள சிறிய பெட்டியில் திரவம் குறைந்தபட்சக் கோட்டுக்குக் கீழே போகக் கூடாது. அந்தத் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஆகவே அளவு சரியாக இருந்தாலும் கையேட்டில் சொன்ன காலத்தில் மாற்ற வேண்டும். பெரும்பாலும் அது இரண்டு வருடம். லீவர் மெத்து மெத்தென்று உள்ளே போனால் மெக்கானிக்கிடம் காட்டாமல் ஓட்டாதீர்கள்.

செயினுக்கு எண்ணெய் விடும்போது டயரிலோ டிஸ்க்கிலோ பட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். டயர் வழவழவென்று தேய்ந்திருந்தால் எவ்வளவு நல்ல பிரேக் இருந்தும் பயன் இல்லை. கை லீவர், கால் பெடல் இரண்டில் எதைப் பிடித்தாலும் பின்னால் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று வீட்டில் ஒருவரை நிற்க வைத்துப் பாருங்கள்.

பழக்கிக் கொடுப்போம்

காலையில் ஆள் நடமாட்டம் இல்லாத, நேரான, மணல் இல்லாத ஒரு தார்ச் சாலையையோ சிமெண்டுத் தளத்தையோ தேர்ந்தெடுங்கள். தரையில் ஒரு கோடு போடுங்கள். பிள்ளை 20 கிலோமீட்டர் வேகத்தில் வந்து அந்தக் கோட்டில் பிரேக் பிடிக்கட்டும். முதலில் கால் பிரேக் மட்டும், பிறகு இரண்டும். எங்கே நின்றது என்று ஒவ்வொரு முறையும் ஒரு கல்லை வைத்துக் காட்டுங்கள். இரண்டு கல்லுக்கும் உள்ள இடைவெளியைப் பார்த்தாலே பிள்ளைக்குப் புரிந்துவிடும். கை பழகிய பிறகு 30, அதன் பிறகு 40. ஹெல்மெட், கால் முழுவதும் மூடும் காலணி, முழுக்கைச் சட்டை கட்டாயம். ஒரு நாளில் முடித்துவிடாமல் நான்கைந்து வாரம் தொடர்ந்தால், அவசரத்தில் யோசிக்காமலே கை சரியாக வேலை செய்யும்.

ஒரு விஷயத்தைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். இந்தப் பயிற்சி உரிமம் எடுக்கும் வயது வந்தவர்களுக்குத்தான். பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம் சாவியைக் கொடுத்து கடைக்கு அனுப்பும் வழக்கம் நம்மில் பலரிடம் இருக்கிறது. நோன்பு இரவுகளில் தராவீஹ் முடிந்ததும் ஒரே வண்டியில் மூன்று பிள்ளைகள் சுற்றுவதையும் பார்க்கிறோம். 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, பதினெட்டு வயது ஆகாதவர் வண்டி ஓட்டி மாட்டிக்கொண்டால் பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்தாகும். அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை உரிமமும் கிடைக்காது. சட்டத்துக்குப் பயந்து அல்ல, பிள்ளையின் உயிருக்குப் பயந்தாவது சாவியைக் கையில் வைத்துக்கொள்வோம்.

என் மகன் இப்போது இரண்டு பிரேக்கும் பிடித்துத்தான் ஓட்டுகிறான். போன மாதம் அவன் தங்கைக்கு ஸ்கூட்டர் உரிமம் வந்தது. இந்த முறை சொல்லிக் கொடுத்தது நான் இல்லை, அவன்தான். கோடு போட்டு, கல் வைத்து, “வலது கையை மெதுவா அழுத்து, பயப்படாதே” என்று சொல்லிக்கொண்டிருந்தான். நான் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்த வாரம் உங்கள் வீட்டில் வண்டி ஓட்டுகிறவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “அவசரத்துல எந்தப் பிரேக் பிடிப்பே?” கால் பிரேக் என்று பதில் வந்தால், வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியை எடுத்துக்கொண்டு அவர்களோடு நீங்களும் கிளம்புங்கள்.